விக்கிப்பீடியா உங்க கம்ப்யூட்டரை எண்ணாது

நீளமான இழை. திட்டு வாங்கத் தயாராத்தான் எழுதறேன். முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க, அது போதும்.

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணினான். சாஃப்ட்வேர் வேலையில இருக்கிறவன், நல்ல பையன். குரல்ல பாதி கோபம், பாதி அழுகை. "அண்ணா, நம்ம ப்ராஜெக்ட் பக்கத்தை ஆங்கில விக்கிப்பீடியால தூக்கிட்டாங்க. ஏழு நாள் விவாதம், முடிஞ்சது கதை. குறிப்பிடத்தக்கது இல்லையாம். நீங்க டாக்டர். இது மருத்துவத்துக்கு உதவுற ஆராய்ச்சின்னு நீங்க எழுதுங்க, கேப்பாங்க."

"நம்ம ப்ராஜெக்ட்"னு அவன் சொல்றது ஒரு சின்ன தன்னார்வக் கணிமைத் திட்டம். பேரு வேண்டாம். ஆறு வருஷமா அவன் வீட்டு கம்ப்யூட்டர் ராத்திரி பூரா அதுக்காக ஓடுது. கரண்ட் பில்லும் அவனோடது, வீட்ல வாங்குற திட்டும் அவனோடது.

எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். ஏன்னு போன்ல விளக்க முடியல. அதனால இங்க.

முதல்ல இந்தத் தன்னார்வக் கணிமை என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஒரு புரதம் எப்படி மடியுது, ஒரு மருந்து மூலக்கூறு அந்தப் புரதத்தோட எந்த இடுக்குல போய் உட்காரும், தொலைநோக்கியில விழுந்த இரைச்சலுக்குள்ள ஏதாவது சிக்னல் ஒளிஞ்சிருக்கா, இதெல்லாம் கணக்குதான். ஆனா ஒரு கம்ப்யூட்டர்ல போட்டா நூற்றாண்டுக் கணக்குல ஓடும். சூப்பர் கம்ப்யூட்டர் வாடகைக்குக் காசு கிடையாது. அதனால கணக்கைச் சின்னச் சின்னப் பொட்டலமா உடைச்சு உலகம் பூரா இருக்கிற சாதாரண ஆட்களோட கம்ப்யூட்டருக்கு அனுப்புவாங்க. நீங்க தூங்கும்போது உங்க மெஷின் அந்தப் பொட்டலத்தைப் போட்டு முடிச்சுத் திருப்பி அனுப்பும். காசு கிடையாது, புள்ளி கிடைக்கும். அவ்வளவுதான்.

ரொம்பப் பிரபலமானது செட்டி அட் ஹோம். (செட்டியார் வீடு இல்லீங்க. வேற்றுக்கிரக அறிவுஜீவிகளைத் தேடுறதுக்கான ஆங்கிலச் சுருக்கம்.) 1999 மே மாசம் கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. அங்கிருந்து வந்ததுதான் பாயின்க் என்கிற பொதுவான மென்பொருள். இன்னைக்கு இருக்கிற திட்டங்கள்ல பெரும்பாலானது அது மேலதான் ஓடுது. அது இல்லாம தனியா ஓடுறது ஃபோல்டிங் அட் ஹோம், 2000ல் ஸ்டான்ஃபோர்டுல விஜய் பாண்டே ஆரம்பிச்சது. 2020 மார்ச்ல கொரோனா வந்தப்போ லட்சக்கணக்கான பேர் திடீர்னு அதுல சேர்ந்தாங்க. நொடிக்கு ஒண்ணு போட்டு பக்கத்துல 18 சுழி போடுற அளவுக்குக் கணக்குகள். அந்த வேகத்தை உலகத்துல முதல்ல தொட்டது எந்த அரசாங்கத்தோட சூப்பர் கம்ப்யூட்டரும் இல்ல, ஜனங்க வீட்டு மெஷின்களோட கூட்டம்தான். நானும் அப்போ கிளினிக் கம்ப்யூட்டரை ராத்திரி அணைக்காம விட்டவன்தான். அதனால வெளியில நின்னு கேலி பண்றேன்னு நினைக்காதீங்க.

இப்போ விக்கிப்பீடியா விஷயத்துக்கு வருவோம்.

அங்க ஒரு விஷயத்துக்குத் தனிப்பக்கம் இருக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற அளவுகோலுக்குப் பேரு குறிப்பிடத்தக்கமை. நம்ம ஆட்கள் அதை "முக்கியத்துவம்"னு மொழிபெயர்த்துக்கிறாங்க. கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது. முக்கியமா, நல்லதா, பெருசா, உபயோகமா, இதுல எதையும் அந்த விதி கேக்கல. அது கேக்கிறது இதுதான்: இந்த விஷயத்தோட எந்தச் சம்பந்தமும் இல்லாத, நம்பகமான ஆட்கள், இதைப் பத்தி விரிவா எழுதியிருக்காங்களா? ஒருத்தர் எழுதினா பொதுவா பத்தாது, ரெண்டு மூணு பேராவது வேணும்.

தம்பி அந்த நீக்கல் விவாதத்துல கொண்டுபோய் வெச்ச ஆதாரங்களை எனக்கும் அனுப்பினான். பார்த்தேன். பயனர் எண்ணிக்கை. நொடிக்கு எத்தனை கணக்குன்னு ஒரு வரைபடம். திட்டத்தோட சொந்த இணையதளத்துல வந்த அறிவிப்புகள். புள்ளிப்பட்டியல் போடுற தளங்கள்ல அந்தத் திட்டத்தோட இடம். திட்டம் நடத்துற பல்கலைக்கழகத்தோட பத்திரிகைக் குறிப்பு. அந்தக் குறிப்பையே வரிக்கு வரி நகலெடுத்துப் போட்ட நாலு செய்தித் தளம். கடைசியா, "அந்தத் திட்டத்துக்குப் பக்கம் இருக்கே, எங்களுக்கு ஏன் இல்ல?"

கடைசிக் கேள்வியை விடுங்க. பக்கத்து வீட்டுக்காரன் ஹெல்மெட் போடாம போறான்னு போலீஸ்கிட்ட சொல்லிப் பாருங்க, என்ன நடக்குதுன்னு தெரியும்.

மத்ததைப் பாருங்க. எல்லாமே ஒரே வாயிலிருந்து வந்தது. திட்டம் தன்னைப் பத்தித் தானே சொன்னது, இல்ல திட்டம் சொன்னதை இன்னொருத்தர் திருப்பிச் சொன்னது. பத்து இணைப்பு கொடுத்திருக்கான், ஆனா சாட்சி ஒரே ஆள், அதுவும் கட்சிக்காரர்.

இதை நாங்க தினம் பாக்குறோம். மெடிக்கல் ரெப் வருவார். வழவழன்னு ஒரு பிரசுரம் கொடுப்பார். மருந்து பிரமாதம்னு கிராஃப் இருக்கும். அடியில சின்ன எழுத்துல ஆதாரம்: கம்பெனியோட சொந்த ஆய்வு, வெளியிடப்படாதது. நான் அவர்கிட்ட கேக்கிறது ஒரே கேள்வி. "சார், உங்க கம்பெனி சம்பளம் வாங்காத யாராவது இதைச் சோதிச்சிருக்காங்களா?" அந்தக் கேள்வியை மருந்துக்குக் கேட்டா நான் நல்ல டாக்டர். அதே கேள்வியை ஒரு கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் உங்க திட்டத்துக்குக் கேட்டா அவர் மட்டும் அறிவியல் விரோதியா?

"லட்சம் பேர் ஓட்டுறாங்க அண்ணா"ன்னான். லட்சம் பேர் சாப்பிடுற லேகியம் எத்தனையோ இருக்கு. நான் அதுல எதுக்கும் சர்டிஃபிகேட் கொடுக்கல.

இன்னும் ஒண்ணு சொல்றேன். இதைச் சொன்னப்போதான் தம்பி கொஞ்சம் அமைதியானான்.

பாயின்க் எப்படி வேலை செய்யுதுன்னு அவனுக்கு என்னைவிட நல்லாத் தெரியும். நிறைய திட்டங்கள்ல ஒரே பொட்டலத்தை ரெண்டு வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்புவாங்க. ரெண்டு விடையும் ஒத்துப்போனாத்தான் ஏத்துப்பாங்க. ஒத்துப்போகலன்னா மூணாவது ஆளுக்குப் போகும். ஒத்துப்போன பிறகுதான் புள்ளி. ஏன் இவ்வளவு வீண் செலவு? ஒரு தனி கம்ப்யூட்டர் சொல்றதை அப்படியே நம்ப முடியாது. சூடேறித் தப்பா கணக்குப் போட்டிருக்கலாம், வேகத்தைக் கூட்டி வெச்சிருக்கலாம். புள்ளிக்கு ஆசைப்பட்டு மென்பொருளையே மாத்திப் பொய் விடை அனுப்பினவங்களும் இந்த உலகத்துல இருந்திருக்காங்க. நல்லவனா கெட்டவனான்னு யாரும் விசாரிக்கறதில்ல. இன்னொரு மெஷின், முதல் மெஷினைத் தெரியாத மெஷின், தனியா அதே விடைக்கு வந்துச்சான்னு மட்டும் பாப்பாங்க.

தம்பி, உன் சொந்தத் திட்டமே உன் கம்ப்யூட்டர் வார்த்தையை நம்பல. ரெண்டாவது ஆள் சொன்னாத்தான் புள்ளி கொடுக்குது. ஆறு வருஷமா அதை நியாயம்னு ஏத்துக்கிட்டவன் நீ. கலைக்களஞ்சியம் அதே ரெண்டாவது ஆளைக் கேட்டா மட்டும் எப்படி அநியாயம் ஆச்சு?

இதுல எனக்கென்ன இவ்வளவு அக்கறைன்னு கேப்பீங்க. சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு அப்பா வந்தார். பையனுக்கு அரிய மரபணு நோய். மருந்து கிடையாது, இருக்கிறதெல்லாம் துணைச் சிகிச்சைதான். அவர் கையில போன். போன்ல ஒரு பக்கம். ஒரு கணிமைத் திட்டம் அந்த நோய்க்கு "மருந்து மூலக்கூறுகளைக் கண்டுபிடிச்சிருக்கு"ன்னு அதுல போட்டிருந்தது. "டாக்டர், இது எங்க கிடைக்கும்? வெளிநாடா இருந்தாலும் பரவாயில்ல, நிலத்தை வித்துடறேன்"ன்னார்.

அங்க உண்மையில நடந்தது இது: லட்சக்கணக்கான மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டர்ல ஒரு புரதத்தோட பொருத்திப் பார்த்திருக்காங்க. நல்லாப் பொருந்துறதா கணக்கு சொன்னதைத் தனியா எடுத்து வெச்சிருக்காங்க. அவ்வளவுதான். சோதனைக் குழாய் வரலை, எலி வரலை, மனுஷன் ரொம்ப தூரம். நல்ல முதல் படிதான், மறுக்கல. அதை "மருந்து கண்டுபிடிப்பு"ன்னு எழுதினது திட்டத்தோட சொந்தப் பக்கம். வெளி ஆள் ஒருத்தர் படிச்சு எழுதியிருந்தா அந்த வார்த்தை அப்படி வந்திருக்காது. அந்த அப்பாவுக்கு அதை விளக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. வெளியில இருபது பேர் காத்திருந்தாங்க. அவர் போனை அணைச்சுப் பையில வெச்ச விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

சொந்தத் தளத்துல எழுதினதுக்கே இந்த கதி. அதே வாக்கியம் கலைக்களஞ்சியத்துல இருந்திருந்தா? நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு விக்கிப்பீடியால இருந்தா அது உண்மை. வெளி ஆதாரமே இல்லாத ஒரு பக்கத்தை அங்க வெச்சா, அதுல வரப்போறதெல்லாம் திட்டம் தன்னைப் பத்திச் சொன்னது மட்டும்தான். வேற எங்கிருந்து எடுத்து எழுதறது? அதனாலதான் அந்த விதி இருக்கணும்னு சொல்றேன்.

சரி, "ஆய்வுக் கட்டுரை வந்திருக்கே, அதாவது செல்லுமா?"

இதுக்கு விடை கொஞ்சம் நுணுக்கம். எங்க ஆட்களே இதுல தடுமாறுவாங்க.

மலேரியாகண்ட்ரோல் டாட் நெட்னு ஒரு திட்டம் இருந்தது. சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்து வெப்பமண்டல மருத்துவ நிறுவனம் நடத்தினது. ஆப்பிரிக்காவுல மலேரியா எப்படிப் பரவுது, கொசுவலை கொடுத்தா என்ன ஆகும், தடுப்பூசி வந்தா எத்தனை குழந்தை பிழைக்கும், இதையெல்லாம் ஜனங்க கம்ப்யூட்டர்ல மாதிரியா ஓட்டிப் பார்த்தாங்க. 2016ல் நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டா, தன்னார்வக் கணிமையில மனுஷ உயிருக்கு ரொம்பப் பக்கத்துல வந்த வேலைகள்ல அது ஒண்ணு. அந்தக் கணித மாதிரிக்கு இப்போ பேரு ஓபன்மலேரியா. ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசி எவ்வளவு பலன் தரும்னு நாலு கணித மாதிரிகளை ஒப்பிட்டு லான்செட்ல ஒரு கட்டுரை வந்தது. அந்த நாலுல இதுவும் ஒண்ணு. 2021 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனம் அந்தத் தடுப்பூசியைப் பரிந்துரை பண்ணுச்சு.

இதைவிட என்ன வேணும்னு தோணுதா? இப்போ கறாரா பாருங்க.

திட்டத்தோட ஆட்களே எழுதின கட்டுரை திட்டத்தோட குழந்தை. நல்ல சஞ்சிகையில வந்திருக்கலாம், சக அறிஞர்கள் சலிச்சிருக்கலாம். அது உள்ளே இருக்கிற அறிவியலுக்குச் சான்று. வெளி ஆள் இந்தத் திட்டத்தைக் கவனிச்சார் என்கிறதுக்குச் சான்று இல்ல. லான்செட் ஒப்பீட்டுலயும் பாசல் ஆட்கள் ஆசிரியரா இருக்காங்க. அடுத்தது, அந்தக் கட்டுரை பேசுறது கணித மாதிரியைப் பத்தி. ஜனங்க கம்ப்யூட்டர்ல ஓடின திட்டத்தைப் பத்தி இல்ல. மாதிரி குறிப்பிடத்தக்கதா இருந்தா அந்தப் பெருமை தானா திட்டத்துக்கு இறங்காது. அப்பா ஊர்த் தலைவர் என்பதால பையன் பேருக்குத் தெரு வைக்க முடியாதில்லையா? (நம்ம ஊர்ல வெச்சுடுவாங்க. அது வேற கதை.)

அப்போ எது செல்லும்? தன்னார்வக் கணிமையைப் பத்தி வேற ஒரு பல்கலைக்கழகத்து ஆள் புத்தகம் எழுதி, அதுல இந்த மலேரியா திட்டத்துக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தா, அது செல்லும். பாசலோட சம்பந்தமே இல்லாத ஒரு மலேரியா நிபுணர், பல கணித மாதிரிகளை அலசுற கட்டுரையில, இது எப்படி ஜனங்க கம்ப்யூட்டர்ல ஓடுச்சு, அதனால என்ன முடிஞ்சது, என்ன முடியலன்னு ரெண்டு மூணு பத்தி எழுதியிருந்தா, அது செல்லும். ஒரு செய்தியாளர் தானா போய் நாலு பேரைப் பார்த்து எழுதியிருந்தா செல்லும். "இதுபோன்ற இருபது திட்டங்கள் உள்ளன"ன்னு பட்டியல் போட்டு அதுல பேர் மட்டும் வந்திருந்தா செல்லாது.

இன்னொரு பக்கம் செட்டி அட் ஹோமைப் பாருங்க. 50 லட்சம் பேருக்கு மேல சேர்ந்தாங்க. இருபத்தோரு வருஷம் ஓடுச்சு. 2020 மார்ச் 31 அன்னைக்குப் பொட்டலம் அனுப்புறதை நிறுத்தினாங்க. (அதுக்குத் தரவு கொடுத்த அரெசிபோ தொலைநோக்கி அதே வருஷம் டிசம்பர்ல இடிஞ்சு விழுந்தது. என்ன ராசியோ.) இத்தனைக்கும் வேற்றுக்கிரகவாசி ஒருத்தரும் கிடைக்கல. உறுதியான ஒரு சிக்னல்கூட இல்ல. ஆனா அதோட பக்கத்தை யாராலயும் தொட முடியாது. உலகத்துப் பத்திரிகைகள், புத்தகங்கள், கணினித் துறை ஆய்வுகள், எல்லாரும் அதைப் பத்தி எழுதிட்டாங்க. திட்டம் தூங்கினாலும் எழுதினது எழுதினதுதான். குறிப்பிடத்தக்கமை ஒரு தடவை வந்தா காலாவதி ஆகாது.

ஒண்ணுமே கண்டுபிடிக்காத திட்டத்துக்குப் பக்கம், உயிர் காக்க உழைச்ச திட்டத்துக்குத் திண்டாட்டம். அநியாயமாத்தான் தெரியும். ஆனா கலைக்களஞ்சியம் மார்க் ஷீட் இல்ல. உலகம் எதைக் கவனிச்சதுன்னு பதிவு பண்றதுதான் அதோட வேலை. உலகம் தப்பான இடத்தைக் கவனிச்சிருந்தா சண்டையை உலகத்தோட போடணும்.

உலகத்தைவிட முதல்ல சண்டை போட வேண்டியது யார்கூடன்னு சொல்லட்டுமா? அந்தத் திட்டத்தை நடத்துற விஞ்ஞானிகள்கூட.

ஆமா. தம்பிக்கு வர வேண்டிய கோபம் அங்கதான் வரணும். அவன் விக்கிப்பீடியாவைத் திட்டிட்டு இருக்கான்.

ஐன்ஸ்டைன் அட் ஹோம் என்ன பண்ணினாங்கன்னு பாருங்க. 2010ல் அரெசிபோ தரவுல ஒரு புது துடிவிண்மீன் கிடைச்சது, நொடிக்கு 41 தடவை சுத்துறது. கண்டுபிடிச்சது யாரோட கம்ப்யூட்டர்? அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு தம்பதி, ஜெர்மனியில மைன்ஸ் நகரத்துல ஒருத்தர். முதல் மெஷின் சொன்னதை ரெண்டாவது மெஷின் உறுதிப்படுத்துச்சு, நான் மேல சொன்ன அதே முறைதான். திட்டத்தோட ஆட்கள் அந்த மூணு பேரையும் தேடிப் பிடிச்சு, சயின்ஸ் சஞ்சிகைக் கட்டுரையிலேயே பேரைப் போட்டாங்க. பத்திரிகைகளைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. அப்புறம் செய்தியாளர்கள் தானா அந்தத் தம்பதியைத் தேடிப் போனாங்க. வீட்ல சும்மா ஓடிட்டிருந்த கம்ப்யூட்டர் விண்மீனைக் கண்டுபிடிச்ச கதை உலகம் பூரா வந்தது. அந்தக் கட்டுரை அவங்க எழுதினது, சரி. ஆனா அதுக்கப்புறம் வந்ததெல்லாம் மத்தவங்க எழுதினது. வெளிச்சாட்சி அப்படித்தான் பொறக்கும்.

ஃபோல்டிங் அட் ஹோம் ஆட்களும் அப்படித்தான். கொரோனா காலத்து வேலையை 2021ல் நேச்சர் கெமிஸ்ட்ரில போட்டப்போ, பத்து லட்சத்துக்கும் மேல சாதாரண மக்கள் சேர்ந்து செஞ்ச வேலைன்னு சுருக்கத்திலேயே எழுதினாங்க.

இப்போ தம்பியோட திட்டம். நானும் அவனும் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம். கடைசி அறிவிப்பு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆறு வருஷத்துல ரெண்டு ஆய்வுக் கட்டுரை. ஒண்ணுல தன்னார்வலர்களுக்கு நன்றின்னு ஒரு வரி. இன்னொண்ணுல அதுகூட இல்ல, "பரவலாக்கப்பட்ட கணினி வளம் பயன்படுத்தப்பட்டது"ன்னு செயப்பாட்டு வினை. யார் பயன்படுத்தினா, யாரோட வளம், யார் கரண்ட் பில் கட்டினான்? விடைகளைப் பொதுவுல வெச்சிருக்காங்களான்னு தேடினோம், வைக்கல. வெச்சிருந்தா வேற ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்தியிருப்பார், பயன்படுத்தினா அதைப் பத்தி எழுதியிருப்பார். இவங்க கதவைச் சாத்திட்டு உள்ள உட்கார்ந்துட்டாங்க. வெளியில யாரும் இவங்களைப் பத்திப் பேசலன்னா அது யார் தப்பு?

நோயாளிகிட்ட ரத்தம் எடுத்து ஆராய்ச்சி பண்ணணும்னா எதுக்கு எடுக்கிறோம், முடிவு என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு எங்களுக்கு நெறிமுறைக் குழு இருக்கு, கையெழுத்து இருக்கு. ஆயிரக்கணக்கான பேர்கிட்ட வருஷக்கணக்கா மின்சாரமும் மெஷினும் வாங்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருக்கிறதுக்கு இங்க ஒரு கேள்வி கிடையாது. ஒரு பக்கம் நீக்கப்பட்டப்போதான் அந்த மௌனம் வெளியில தெரிஞ்சது. அந்த வகையில அந்த நீக்கல் விவாதத்துக்கு நான் நன்றி சொல்வேன்.

தொகுப்பாளர்கள் பக்கம் தப்பே இல்லையான்னா, இருக்கு. சும்மா விட மாட்டேன்.

டோனா ஸ்ட்ரிக்லண்ட். 2018ல் இயற்பியல் நோபல். அந்த வருஷம் மே மாசம் அவரைப் பத்தி ஒரு வரைவு போனப்போ, கொடுத்த மேற்கோள்கள் போதாதுன்னு ஆங்கில விக்கிப்பீடியால திருப்பிட்டாங்க. அக்டோபர்ல நோபல் அறிவிச்ச அன்னைக்கு ஓடி ஓடிப் பக்கம் போட்டாங்க. நோபலுக்கு முன்னாடி அவர் யாருக்கும் தெரியாத ஆளா? 2013ல் அமெரிக்க ஒளியியல் சங்கத்தோட தலைவர். ஆதாரம் உலகத்துல இருந்தது, வரைவுக்குள்ள இல்ல. திருப்பினவர் வரைவை மட்டும் பார்த்தார், தேடல. விதி சரி, வேலை சோம்பேறித்தனம்.

கணிமைத் திட்டங்களுக்கும் இது நடக்கும். ஆங்கிலத்துல கூகுள்ல ஒரு தடவை தட்டிப் பார்த்துட்டு "ஒண்ணும் இல்ல"ன்னு ஓட்டுப் போடுற ஆட்கள் உண்டு. இந்தத் திட்டங்கள்ல நிறைய ஜெர்மனி, ரஷ்யா, செக், போலந்துன்னு சிதறிக் கிடக்கு. அந்த ஊர்ப் பத்திரிகையில அரைப் பக்கம் வந்திருக்கும். அச்சுல மட்டும் வந்திருக்கும். எந்த மொழியில இருந்தாலும், இணையத்துல இல்லாம நூலகத்துல இருந்தாலும் ஆதாரம் ஆதாரம்தான், விதியே அப்படித்தான் சொல்லுது. தேடாம "இல்லை"ன்னு சொல்றது, ஸ்டெதஸ்கோப்பைக் காதுல மாட்டாம நெஞ்சுல வெச்சுட்டு "சத்தம் நார்மல்"னு எழுதற மாதிரி.

ஆனா அந்தத் தேடலை அவங்க செய்யலன்னா நீங்க செய்யணும். பக்கம் வேணும்னு கேக்கிறவங்க நீங்க.

அதனால தம்பிக்கும் அவனை மாதிரி இருக்கிறவங்களுக்கும் சில விஷயம். திட்டத்துல நீங்க பங்கு எடுக்கிறீங்கன்னா அதைப் பேச்சுப் பக்கத்துல முதல்லயே சொல்லிடுங்க. மறைச்சு மாட்டினா அப்புறம் நல்ல ஆதாரம் கொண்டுவந்தாலும் சந்தேகமாத்தான் பாப்பாங்க. நேரடியாப் பக்கம் போடாம வரைவாப் போடுங்க. முப்பது இணைப்பு அடுக்காதீங்க, படிக்கிறவன் கடுப்பாவான். நல்லதா மூணு வெச்சு, ஒவ்வொண்ணுலயும் எழுதினது யார், திட்டத்தோட அவருக்குச் சம்பந்தம் இல்லைன்னு எப்படித் தெரியும், எத்தனை பத்தி எழுதியிருக்காருன்னு சொல்லுங்க. மூணு கிடைக்கலன்னா தனிப்பக்கத்தை மறந்துட்டுத் தன்னார்வக் கணிமைத் திட்டங்களோட பட்டியல் பக்கத்துல ஒழுங்கா ஒரு வரி சேருங்க. வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்ல காசநோய்க் கிருமியோட செல்சுவரை ஆராய ஒரு உள்திட்டம் ஆரம்பிச்சாங்க. என் தொழிலுக்கு அதைவிட முக்கியமானது கம்மி. அதைப் பத்தித் தாய்த்திட்டத்தோட பக்கத்துல ரெண்டு நல்ல வரி இருந்தா எனக்குப் போதும். தனிப்பக்கம் இல்லன்னு யாருக்கும் காசநோய் அதிகமாகாது.

தமிழ் விக்கிப்பீடியால போட்டுடலாமான்னும் தம்பி கேட்டான். அங்க விதிகளை அங்க இருக்கிறவங்கதான் முடிவு பண்றாங்க, ஆங்கிலத்துல நீக்கினா இங்கயும் நீக்கணும்னு இல்ல. ஆனா ஆங்கிலத்துல நிக்காததை இங்க யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சுப் போடறதா இருந்தா தயவு செஞ்சு வேண்டாம். அந்த அப்பா மாதிரி ஆட்கள் படிக்கிறது தமிழ்லதான்.

ஞாயித்துக்கிழமை நிலவரம்: உருப்படியா ஒண்ணு கிடைச்சது. திட்டத்தோட சம்பந்தமில்லாத ஒரு ஆய்வாளர், நாலு கணிமைத் திட்டங்களை ஒப்பிட்ட கட்டுரையில இதுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுத்திருக்கார். அதுலயும் பாதி குறை சொல்றார். தம்பிக்கு அது பிடிக்கல. "அதான் நல்ல ஆதாரம், முதல்ல அதைப் போடு"ன்னேன். இன்னொண்ணு பேர் மட்டும் வர்ற பட்டியல், தள்ளிட்டோம். பக்கத்தை வரைவாத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கியாச்சு. ஆறு மாசம் யாரும் கை வைக்கலன்னா அதையும் அழிச்சிடலாம்னு விதி இருக்கு, அதுவரைக்கும் நேரம் இருக்கு. திட்டத்தோட தலைமை விஞ்ஞானிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டிருக்கோம்: விடைகளை எப்போ பொதுவுல வைப்பீங்க, தன்னார்வலர்களுக்கு என்ன சொல்லப் போறீங்கன்னு. பதில் இன்னும் வரல.

இதைப் படிக்கிற யாராவது தன்னார்வக் கணிமைத் திட்டம் எதைப் பத்தியாவது ஜெர்மன், ரஷ்யன், எந்த மொழியில வேணும்னாலும், பழைய பத்திரிகையிலயோ புத்தகத்துலயோ விரிவா படிச்சிருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. தேதி, பக்க எண் தெரியணும். எந்தத் திட்டமா இருந்தாலும் சரி, அந்தந்த வரைவுக்குச் சேர்த்துடுறோம். நீக்கல் விவாதத்துல ஓட்டுப் போட மட்டும் கூட்டமா போயிடாதீங்க. அங்க தலையை எண்ண மாட்டாங்க, ஆள் திரட்டினது தெரிஞ்சா இருக்கிற நம்பிக்கையும் போயிடும்.